மித்தி ஆறு காட்டிலிருந்து கொண்டுவருவது என்ன?

சயான் நிலையத்தை விட்டுக் குர்லா நோக்கிப் புறப்படும் மின்சார ரயில் சற்று நேரத்தில் ஒரு நீரோட்டத்துக்கு அருகே போகிறது. கதவோரம் நிற்பவர்களின் கைக்குட்டை மூக்குக்குப் போகும் இடம் அது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர் யாராவது "இது என்ன?" என்று கேட்டால், "சாக்கடை" என்று ஒரே சொல்லில் பதில் கிடைக்கும். சாக்கடை அல்ல, ஆறு. பெயர் மித்தி. இனிப்பானது என்று பொருள்படும் இந்திச் சொல்தான் அதற்குப் பெயராக வாய்த்திருக்கிறது.

மழைக்காலத்தில் சயானிலும் குர்லாவிலும் தண்டவாளம் மூழ்கி, வண்டிகள் வரிசையாக நின்றுவிடும் நாளில் மட்டும் இந்த ஆற்றின் பெயர் எல்லோர் வாயிலும் அடிபடும். தண்ணீர் வடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஆனால் அது பிறக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தால் நம்புவது கடினம். ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, சிறுத்தை உலவும் காட்டின் ஓரத்தில் தொடங்குகிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று இன்று வழங்கும் மலைக்காட்டின் நீரைத் தேக்கி வைத்திருப்பது விகார் ஏரி. அது நிரம்பி வழியும் நீரோடு பொவாய் ஏரியின் உபரி நீரும் சேர்ந்துகொள்ள, மரோல், சாக்கிநாக்கா வழியாக வந்து, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, குர்லாவைத் தொட்டு, பாந்த்ரா-குர்லா வளாகத்தைச் சுற்றி, தாராவியின் முதுகுப்புறமாக மாஹிம் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்கிறது.

காட்டில் பிறந்த ஆறு காட்டிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும் அல்லவா? காவிரி வண்டலைக் கொண்டுவந்தது, தாமிரபரணி பொதிகையின் சத்தைக் கொண்டுவந்தது என்று படித்தவர்கள்தானே நாம்? அப்படியானால் மித்தி சயானுக்குக் கொண்டுவருவது என்ன?

இலை விழுந்த பின்

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த முதியவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நடவுக்கு முன் கொழிஞ்சியும் ஆவாரையும் பூவரசந்தழையும் வெட்டி வந்து, சேற்றில் போட்டு மிதித்தவர்கள் அவர்கள். இலை அழுகினால் மண்ணுக்குத் தழைச்சத்து. கோடையில் குளத்துக் கரம்பையை வண்டியில் அள்ளி வந்து வயலில் கொட்டியதும் அதே கணக்குத்தான். சுற்றுவட்டாரத்து மண்ணின் சத்தெல்லாம் மழைநீரோடு இறங்கிக் குளத்தின் அடியில் படிந்திருக்கும். அதைத் திரும்ப மேட்டுக்கு ஏற்றினார்கள்.

காட்டில் இந்த வேலையை மரமே செய்துகொள்கிறது. தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நுண்ணுயிர்கள் வழியாக மண்ணுக்கு வருகிறது. மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் பாறை கரைந்து வருகிறது. மும்பையின் காட்டு மலைகள் பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகள். கன்ஹேரி குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான். மரம் சத்தை வேரால் உறிஞ்சி இலைக்கு ஏற்றுகிறது. இலை முற்றி உதிரும் காலம் வந்ததும் அதிலிருக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, சக்கையைத்தான் கீழே விடுகிறது. அறையைக் காலி செய்யும் முன் முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளும் குடித்தனக்காரர்தான் மரம்.

கீழே விழுந்த இலையைப் புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிரித்துத் தின்கின்றன. வெளிவரும் சத்தை வேர்கள் உடனே பிடித்துக்கொள்கின்றன. வேரோடு பின்னிக் கிடக்கும் பூஞ்சை இழைகள் இதற்குத் துணை. இத்தனை பேர் கையைத் தாண்டி ஓடைக்குப் போய்ச் சேருவது மிகச் சிறு பங்கு. அதனால்தான் நல்ல காட்டோடைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. செழிப்பான காடு என்றால் அதன் ஓடையிலும் செழிப்பு வழியும் என்று நாம் நினைப்போம். உண்மை நேர்மாறானது. காடு கருமி.

வடநாட்டுக் காட்டின் கணக்குப் புத்தகம்

இந்தக் கருமித்தனத்தை முதன்முதலில் துல்லியமாக அளந்து காட்டியவர்களில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் வேலை செய்த விஞ்ஞானிகள் முக்கியமானவர்கள். ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோர் 1963-ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. அவர்கள் செய்தது ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஒரு சிறு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு, மழையிலும் பனியிலும் வரும் சத்து எவ்வளவு என்று வரவில் எழுதினார்கள். பள்ளத்தாக்கின் வாயில் சிறு தடுப்புச் சுவர் கட்டி, அதில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒரு வெட்டு விட்டு, அதன் வழியே வெளியேறும் ஓடைநீரை அளந்து செலவில் எழுதினார்கள். அடிப்பாறை நீர் புகாதது. ஆகவே கணக்கில் ஒளிவு மறைவுக்கு இடமில்லை.

1965-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் முழுவதையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே விட்டார்கள். மறுபடி எதுவும் துளிர்க்காதபடி மூன்று கோடைகள் களைக்கொல்லி தெளித்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. என்ன ஆயிற்று? ஓடையில் நைட்ரேட்டின் அளவு பத்துகள் கணக்கான மடங்கு ஏறி, அமெரிக்காவில் குடிநீருக்கு விதித்திருந்த வரம்பையும் தாண்டிவிட்டது. வேரில்லாத மண், பூட்டில்லாத கல்லாப்பெட்டி ஆகிவிட்டது. சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் கூடவே போயின. கண்ணாடியாய் ஓடிய ஓடையில் பாசி படர்ந்தது.

அங்கேயே செய்த இன்னொரு அளவீடும் சொல்லத் தக்கது. பேர் புரூக் என்ற சிறு ஓடையில் வாழும் உயிர்களுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்து 1973-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கரையிலுள்ள காட்டிலிருந்து வந்தது. ஓடைக்குள்ளேயே விளைந்தது ஒரு பங்குகூட இல்லை. மரநிழலில் ஓடும் ஓடையில் வெயில் படாது, பாசி வளராது, விழுந்த இலைதான் அங்குள்ள பூச்சிக்குச் சோறு, பூச்சிதான் மீனுக்குச் சோறு. ஆக, காடு கருமி என்றாலும் ஓடையைப் பட்டினி போடவில்லை. அளந்து போடுகிறது.

யார் அளப்பது என்ற கேள்விக்கு, ஸ்வீடன் நாட்டின் வடக்கே க்ரீக்லான் என்ற ஆற்றுப்படுகையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி பதில் தருகிறது. அது ஊசியிலைக் காடு. ஆண்டில் பாதி நாள் தரை பனிக்கு அடியில். குளிரில் இலை எளிதில் மக்காது. தரையில் மெத்தை போலச் சேர்ந்துகொண்டே போகும். வசந்தத்தில் பனி உருகும்போது சில வாரங்களில் ஓடை பெருகும். அந்தத் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். மக்கிய தழையின் சாறு அது. தழைச்சத்தில் பெரும்பங்கும் அந்தச் சாற்றோடு கலந்துதான் வருகிறது. மலைச்சரிவு எவ்வளவு பெரியதானாலும், ஓடைநீரின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கரையை ஒட்டிய கடைசிச் சில மீட்டர் ஈரமண் என்று அங்கே கண்டார்கள். சரிவிலிருந்து இறங்கும் நீர் எல்லாம் அந்தக் கரைமண்ணில் ஊறித்தான் ஓடைக்குள் போக வேண்டும். அங்கே வேர் பிடிப்பதைப் பிடிக்கும். காற்றுப் புகாத ஈரத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை வாயுவாக்கி வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம்தான் ஓடைக்கு.

மும்பைக் காட்டில் பனியில்லை. அதன் இடத்தில் நீண்ட வறட்சி. குளிர்காலம் கழிந்து கோடை ஏறும்போது தேக்கு இலையெல்லாம் உதிர்ந்து சருகாகிக் கிடக்கும். குறிஞ்சிச் செடியின் உறவுக்காரியான கார்வி என்ற புதர்ச்செடி இங்கே உண்டு; எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, மொத்தமாகக் காய்ந்து, அதுவும் மண்ணுக்கே போகும். 2016-லும் 2024-லும் பூத்தது. ஜூனில் முதல் மழை விழுந்ததும் காய்ந்து கிடந்த மண்ணில் நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்துக்கொண்டு சத்தை விடுவிக்கும். உலர்ந்த மண் நனைந்தால் இப்படி நேரும் என்பதைக் கென்யாவில் வேலை செய்த பர்ச் என்பவர் 1958-ல் எழுதினார். முதல் மழைக்கு உழுதால் பயிர் தனிப்பச்சையாக எழும்பும் என்று நம்மூர்ச் சம்சாரி அதற்கு எத்தனையோ காலம் முன்பே அறிந்திருந்தார். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

விகாரும் பொவாயும்

விகார் அணையின் வேலை 1856-ல் தொடங்கி 1860-ல் முடிந்தது. பம்பாய் நகரத்துக்குக் குழாய் வழியே வந்த முதல் தண்ணீர் அதுதான். காட்டுக்கு உள்ளே துளசி ஏரி 1879-ல் வந்தது. பொவாய் அணை 1891-ல். ஏரிக்கு நீர் தரும் சரிவுகளில் வீடோ தொழுவமோ வரக்கூடாது என்று அந்த நிலங்களைக் கையகப்படுத்தி வைத்ததனால்தான், இத்தனை கோடி விலை போகும் நகரத்தின் நடுவே நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடு இன்றும் மிஞ்சியிருக்கிறது. காடு ஏரியைக் காப்பாற்றியது போல ஏரி காட்டைக் காப்பாற்றியது.

விகாரும் பொவாயும் பக்கத்துப் பக்கத்து ஏரிகள். ஒரே பாறை, ஒரே மழை. விகாரைச் சுற்றிக் காடு நிற்கிறது. 160 ஆண்டுக்கு மேலாகியும் அதன் நீர் சுத்திகரிக்கப்பட்டு மும்பையின் குடிநீரில் சேர்கிறது. பொவாயைச் சுற்றிக் கல் உடைத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள், கழிவுநீர் இறங்கிற்று. அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும்தான் உதவும். ஏரியின் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் படர்வதும், அதை இயந்திரம் வைத்து வாருவதும், மறுபடி அது படர்வதுமாகக் காலம் போகிறது. வாருகிறவர்கள் செடியை வாருகிறார்கள். செடிக்குப் போடும் சோற்றை யாரும் நிறுத்தவில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்கும்வரை அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு பள்ளத்தாக்குகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மும்பை இரண்டு ஏரிகளை வைத்து, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே, அதைப் போன்ற சோதனை ஒன்றைச் செய்து முடித்திருக்கிறது. அங்கே மரத்தை மட்டும் எடுத்தார்கள். இங்கே மரத்தை எடுத்த இடத்தில் மனிதக் கழிவையும் சேர்த்தோம்.

இன்னொன்றும் உண்டு. விகார் நிரம்பி வழிவது மழைக்காலத்தில்தான். மற்ற மாதங்களில் காட்டுநீர் முழுவதும் அணைக்குள் அடங்கிவிடும். அப்போதும் சயான் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. அதில் கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் உப்புநீர் போக, மற்றதெல்லாம் நகரம் விட்ட நீர். மேலே கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆண்டின் பெரும்பகுதியில் மித்தி காட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அதில் போவது மரோலின், சாக்கிநாக்காவின், குர்லாவின், தாராவியின் கழிவு.

சத்து என்ற கணக்கில் பார்த்தால் அந்த நீரில் குறைவே இல்லை என்பதுதான் வேடிக்கை. காட்டோடை சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் இங்கே குடம் குடமாக வருகின்றன. அதைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு போனதும் மீன் போகிறது. பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் ஆட்சி. ரயிலில் நம்மைக் கைக்குட்டை எடுக்க வைக்கும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலை. மித்தி பட்டினியால் சாகவில்லை, அஜீரணத்தால் சாகிறது.

எல்லையூர்

சயான் என்பது ஆங்கிலேயர் வாயில் திரிந்த பெயர். மராத்தியில் சீவ், எல்லை என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பரேல் தீவும் போர்ச்சுக்கீசியரின் சால்செட் தீவும் இங்கேதான் பிரிந்தன. ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில் குன்றின் மேல் கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்தில் எல்லையாக இருந்தது சேறும் கண்டல் காடும் நிறைந்த கழிநிலம். நிலத்து நீரும் கடல்நீரும் சந்திக்கும் இடம்.

பிச்சாவரம் பார்த்தவர்களுக்குக் கண்டல் மரத்தைத் தெரியும். அலையாத்தி என்றும் சொல்வார்கள். ஸ்வீடன் ஓடைக்கரையின் ஈரமண் செய்யும் வேலையை ஆற்றின் வாயில் செய்வது இந்த மரம்தான். வேர்களுக்கு இடையில் சேற்றைப் பிடித்து வைக்கும். சேற்றோடு வந்த சத்தையும் பிடிக்கும். நைட்ரேட்டை வாயுவாக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தக் கருஞ்சேறுதான் வீடு. மித்தியின் கழிநிலத்தில் பெரும்பகுதியை மேடாக்கித்தான் 1970-களுக்குப் பின் பாந்த்ரா-குர்லா வளாகம் எழுந்தது. நம்மவர் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூஸ் மழைமானியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். ஊரில் பல மாவட்டங்களுக்கு ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. கடலும் ஏற்றத்தில் இருந்தது. மித்தி போக வழியில்லாமல் குர்லாவிலும் கலீனாவிலும் சயானிலும் ஏறியது. தண்ணீர் வடிந்த பின் எலிக்காய்ச்சல் வந்தது. அடுத்த மாதமே மித்திக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். மும்பை உயர் நீதிமன்றம் அதே 2005-ல் கண்டல் மரங்களை வெட்டத் தடை விதித்தது. 2018-ல் அதை உறுதியாக்கியது.

சுவர் வேண்டும் என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கி நின்றவர்கள் அவர்கள். ஆனால் சுவர் எழும்பிய இடத்தில் கரைமண்ணுக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அளந்து கொடுக்கிற கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, கால்வாயும் குழாயும் நேரே ஆற்றில் வந்து கொட்டுமாறு வைத்தாயிற்று. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதற்காக மாநகராட்சி எடுத்திருக்கும் ஏழு பெரிய நிலையங்களின் வேலையில் தாராவியும் ஓர் இடம். அது வந்தால் கால்வாய்களில் வரும் கழிவைப் பிடித்துத் திருப்ப வேண்டும். குழாய் போகாத சந்துகளுக்குக் குழாய் போக வேண்டும். இல்லையென்றால் நிலையம் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம்.

ஆற்றைக் கெடுத்தது தாராவிக்காரர்கள் என்று பேசுவது இந்நகரத்தில் ஒரு வழக்கம். தாராவியிலிருந்து கழிவு போகவில்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் ஆறு தாராவியைத் தொடும்போது தன் பயணத்தின் பெரும்பகுதியை முடித்துவிட்டது என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கறுத்துப்போய்த்தான் அது நம்மிடம் வருகிறது.

சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில், தாராவிப் பேருந்து பணிமனைக்கு எதிரே ஒரு காடு இருக்கிறது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று பெயர், 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை கொட்டிய மேடு அது. 1980-களில் மரம் நட்டார்கள். 1994-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குப்பைக்கு மேல் மண்ணும், மண்ணுக்கு மேல் சருகும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. ஆற்றை ஒட்டிய பக்கத்தில் கண்டல். சருகு மக்குவது, வேர் பிடிப்பது, மழைநீர் மண்ணில் ஊறி இறங்குவது எல்லாம் விகார் காட்டில் நடப்பதுபோல இங்கேயும் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் பிள்ளைகளோடு ஒருநடை போய் வரலாம். காலால் சருகைக் கிளறிப் பார்த்தால் மேலே முழு இலை, அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் அடியில் கறுத்த மண் என்று வரிசை தெரியும்.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு நாள், விகார் ஏரி நிரம்பி வழிகிறது என்று மாநகராட்சியின் அறிவிப்பு பத்திரிகையில் வரும். குடிநீருக்குப் பஞ்சமில்லை என்ற மகிழ்ச்சியில் மற்ற பேட்டைக்காரர்கள் அதைப் படிப்பார்கள். சயானிலும் குர்லாவிலும் தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் அன்று அரிசிப் பானையையும் ரேஷன் அட்டையையும் பரணில் ஏற்றிவைப்பது நல்லது. காட்டுத் தண்ணீர் நம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.